நாடக மேடைத் திரை முதல் கேபிள் வயர் வரை... தீயின் வேகத்தைக் குறைக்க வழி சொன்ன கே-லூசாக்: யார் இவர்?

பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு இந்தப் பெயர் லேசாவது ஞாபகம் இருக்கும். கே-லூசாக் விதி. கொள்ளளவு மாறாமல் இருக்கும்போது வெப்பநிலை ஏறினால் வாயுவின் அழுத்தமும் ஏறும். வெயிலில் நிறுத்திய வண்டியின் டயரில் காற்றழுத்தம் கூடுவதற்குக் காரணம் இதுதான். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, எழுதி முடித்ததும் பலர் மறந்துபோன விதி.

ஆனால் இதே கே-லூசாக் செய்த இன்னொரு வேலை பாடப்புத்தகத்தில் பெரிதாக வருவதில்லை. துணியில் தீப்பிடித்தாலும் அது பரவாமல் இருக்க என்ன செய்யலாம் என்று 1821-ல் அவர் ஒரு விடை கண்டுபிடித்தார். 200 வருஷம் கழித்து, பிளாஸ்டிக்கில் களிமண் துகள்களைக் கலந்து தீயின் வேகத்தைக் குறைக்கும் நானோ தொழில்நுட்பத்துக்கும் அடிப்படை அதே விடைதான்.

யார் இந்த கே-லூசாக்? துணிக்கும் களிமண்ணுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

சிறையில் அப்பா, பாரிஸில் மகன்

ஜோசப் லூயி கே-லூசாக் பிறந்தது 1778 டிசம்பர் 6-ம் தேதி. ஊர், மத்திய பிரான்சில் லிமோஜ் நகருக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் லியோனார் த நோப்லா. அப்பா ஆந்துவான் கே, சட்டத்துறையில் பதவியில் இருந்தவர். குடும்பத்துக்கு லூசாக் என்ற இடத்தில் நிலபுலன் இருந்தது. அதே ஊரில் கே என்ற பெயரில் வேறு ஆட்களும் இருந்ததால், குழப்பம் வராமல் இருக்க நிலம் இருந்த இடத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படி வந்ததுதான் கே-லூசாக்.

வசதியான குடும்பம். ஆனால் 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்ததும் நிலைமை தலைகீழானது. பழைய ஆட்சியில் பதவியில் இருந்தவர்கள் எல்லாரும் சந்தேகப் பட்டியலில் வந்தார்கள். கே-லூசாக்கின் அப்பாவும் கைது செய்யப்பட்டார். அப்போது பையனுக்கு 15 வயதுதான். தலைகள் உருண்டுகொண்டிருந்த காலம் அது. நல்லவேளையாக அப்பா உயிர் தப்பினார்.

நிலைமை கொஞ்சம் அமைதியானதும் மகனைப் படிக்க பாரிஸுக்கு அனுப்பினார். 1797-ல் எகோல் பாலிடெக்னிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. புரட்சி அரசு ஆரம்பித்த அந்தக் கல்லூரி, நாட்டின் சிறந்த மாணவர்களைத் தேர்வு வைத்து எடுத்துக்கொண்டது. அங்கே பெர்தொலே என்ற பெரிய வேதியியல் அறிஞரின் பார்வை இவர் மீது விழுந்தது. இன்ஜினீயர் ஆகப் போயிருக்க வேண்டியவர், பெர்தொலேயின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

1802-ல் முதல் பெரிய ஆய்வு வெளிவந்தது. காற்று, ஆக்சிஜன், ஹைட்ரஜன், நைட்ரஜன் என்று எந்த வாயுவைச் சூடாக்கினாலும், அது ஒரே விகிதத்தில்தான் விரிவடையும் என்று காட்டினார். ஜாக் சார்லஸ் என்பவர் சுமார் 15 வருஷத்துக்கு முன்பே இதைக் கவனித்திருந்தார். ஆனால் எங்கேயும் வெளியிடவில்லை. கே-லூசாக் நினைத்திருந்தால் மொத்தப் பெயரையும் தானே எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், தன் கட்டுரையிலேயே சார்லஸைக் குறிப்பிட்டார். சார்லஸ் விதி என்று இன்று நாம் படிக்கிறோம் என்றால், அந்த நேர்மையும் ஒரு காரணம்.

7,016 மீட்டர் உயரத்தில் தனி ஆள்

விமானம் கண்டுபிடிக்க இன்னும் 100 வருஷம் இருக்கிறது. 1804 ஆகஸ்ட் 24-ம் தேதி, கே-லூசாக்கும் அவர் நண்பர் பியோவும் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் ஏறினார்கள். சுமார் 4,000 மீட்டர் உயரம் வரை போனார்கள். பூமியின் காந்தப்புலம் மேலே போகப் போகக் குறைகிறதா என்று பார்ப்பது அவர்களின் வேலைகளில் ஒன்று.

கே-லூசாக்குக்கு அது போதவில்லை. செப்டம்பர் 16-ம் தேதி தனியாகவே ஏறினார். எடை குறைந்ததால் பலூன் இன்னும் மேலே போனது. எட்டிய உயரம் 7,016 மீட்டர். குளிர் மைனஸ் 9 டிகிரிக்கும் கீழே. ஆக்சிஜன் சிலிண்டர், முகமூடி எதுவும் கிடையாது. மூச்சு வாங்கியது, நாடி வேகமாகத் துடித்தது. அந்த நிலையிலும் கொண்டுபோன கண்ணாடிக் குடுவைகளில் மேலே உள்ள காற்றைப் பிடித்து அடைத்துக்கொண்டு இறங்கினார். பல பத்தாண்டுகளுக்கு யாரும் முறியடிக்காத சாதனை அது.

கீழே வந்து அந்தக் காற்றைச் சோதித்தார். தரையில் உள்ள காற்றில் எந்த விகிதத்தில் ஆக்சிஜன் இருக்கிறதோ, அதே விகிதம்தான் 6,000 மீட்டருக்கு மேலேயும் இருந்தது. காற்று அடர்த்தி குறைகிறது, ஆனால் கலவை மாறவில்லை.

இந்த ஆக்சிஜன் விஷயத்தில்தான் அவருக்கு ஒரு நல்ல நட்பும் கிடைத்தது. உலகம் சுற்றிய விஞ்ஞானி ஹம்போல்ட் செய்திருந்த காற்று ஆய்வில் தவறு இருப்பதாக இளம் கே-லூசாக் விமர்சித்திருந்தார். ஹம்போல்ட் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. இருவரும் சேர்ந்தே ஆய்வு செய்தார்கள். 2 பங்கு ஹைட்ரஜனும் 1 பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் தண்ணீர் என்ற விகிதத்தை உறுதி செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1808-ல் கே-லூசாக் அறிவித்த வாயுப் பருமன் இணைப்பு விதி.

கண்ணைப் பறிக்கப் பார்த்த பொட்டாசியம்

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். அறிவியலிலும் போட்டி இருந்தது. லண்டனில் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தை வைத்து பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தார். பாரிஸில் கே-லூசாக்கும் அவர் கூட்டாளி தெனாரும் மின்சாரம் இல்லாமல், பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்தே பொட்டாசியத்தைத் தயாரித்தார்கள்.

பொட்டாசியம் விளையாட்டுப் பொருள் இல்லை. தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கும் உலோகம். 1808-ல் ஒரு சோதனையின்போது அது கே-லூசாக்கின் முகத்துக்கு எதிரே வெடித்தது. கண் பார்வையே போய்விடும் என்ற நிலை. பார்வை திரும்பியது, ஆனால் கண்கள் பழையபடி ஆகவே இல்லை. தீயும் வெடிப்பும் என்ன செய்யும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அதே 1808-ல் அந்தப் பொட்டாசியத்தை வைத்தே போரிக் அமிலத்திலிருந்து போரான் என்ற தனிமத்தைப் பிரித்தெடுத்தார்கள். டேவியும் ஏறக்குறைய அதே நேரத்தில் செய்தார். இந்தப் போரானை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 13 வருஷம் கழித்து மறுபடியும் வரப்போகிறது.

துணிக்கடையில் ஒரு கெமிஸ்ட்ரி புத்தகம்

இடையில் ஒரு காதல் கதையும் உண்டு. பாரிஸில் லினன் துணி விற்கும் கடை ஒன்றில் ஜெனவீவ் ரொஜோ என்ற இளம்பெண் வேலை பார்த்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மேஜைக்குக் கீழே புத்தகம் வைத்துப் படிப்பது அவர் வழக்கம். ஒருநாள் கடைக்குப் போன கே-லூசாக், என்ன புத்தகம் என்று எட்டிப்பார்த்தார். அது வேதியியல் புத்தகம். அப்புறம் என்ன, 1809-ல் கல்யாணம். 5 குழந்தைகள். கே-லூசாக் இறக்கும்வரை 40 வருஷத்துக்கும் மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

அடுத்த சில வருஷங்களில் அவர் பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியது. எகோல் பாலிடெக்னிக்கிலும் சோர்போன் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் ஆனார். அயோடினை ஒரு தனிமம் என்று ஆராய்ந்து பெயர் வைத்தார். பள்ளி லேபில் நாம் பிடித்த பிப்பெட், பியூரெட் ஆகிய சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். அரசின் வெடிமருந்துக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

மன்னர் கொடுத்த வேலை

நெப்போலியன் வீழ்ந்து, 18-ம் லூயி மன்னராக இருந்த காலம். அன்றைய பாரிஸில் மக்களின் பெரிய பொழுதுபோக்கு நாடகம். ஆனால் நாடக அரங்கம் என்பது தீக்குச்சிப் பெட்டி மாதிரி. மரத்தாலான மேடை, வரிசையாகத் தொங்கும் திரைகள், வண்ணம் பூசிய துணிக் காட்சிகள், காற்றில் பறக்கும் மெல்லிய உடைகள். வெளிச்சத்துக்கோ மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும். பாரிஸின் புகழ்பெற்ற ஓடியான் அரங்கம் 1799-ல் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 1818-ல் மறுபடியும் எரிந்தது.

துணி தீப்பிடிக்காமல் இருக்க ஏதாவது வழி செய்ய முடியுமா என்று பார்க்கும் பொறுப்பு கே-லூசாக்கிடம் வந்தது.

இதற்கு முன் யாரும் முயற்சி செய்யவில்லையா? செய்தார்கள். 1735-லேயே இங்கிலாந்தில் ஒபதையா வைல்ட் என்பவர் படிகாரம், வெண்காரம் எல்லாம் கலந்த ஒரு கலவைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் எது ஏன் வேலை செய்கிறது என்று ஒழுங்காகச் சோதித்து வகைப்படுத்திச் சொன்னதுதான் கே-லூசாக்கின் பங்கு.

ஒவ்வொரு உப்பாக எடுத்துத் தண்ணீரில் கரைத்தார். துணியை முக்கினார். காயவைத்தார். நெருப்பில் காட்டினார். 1821-ல் முடிவை வெளியிட்டார். நல்ல பலன் தந்தவை அம்மோனியம் பாஸ்பேட், அம்மோனியம் குளோரைடு, வெண்காரம் ஆகியவையும் அவற்றின் கலவைகளும். இதில் அம்மோனியம் குளோரைடு வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் நவச்சாரம். வெண்காரம் என்பது போரான் இருக்கும் உப்பு. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அதே போரான்தான்.

தீயைத் தடுக்க இரண்டு வழி

அவர் கண்டதைப் புரிந்துகொள்ள, தீ எப்படி எரிகிறது என்று தெரிந்தால் போதும்.

துணியோ மரமோ பிளாஸ்டிக்கோ நேரடியாகச் சுடர்விட்டு எரிவதில்லை. சூடு பட்டதும் அந்தப் பொருள் உடைந்து, எரியக்கூடிய ஆவியை வெளியே விடுகிறது. அந்த ஆவி காற்றில் உள்ள ஆக்சிஜனோடு கலந்து எரியும்போதுதான் சுடர் வருகிறது. அந்தச் சுடரின் சூடு மறுபடியும் பொருள் மீது விழுகிறது. இன்னும் ஆவி வருகிறது. இன்னும் சுடர். இப்படியே சுழன்றுகொண்டே போகிறது. இந்தச் சங்கிலியை எங்காவது அறுத்தால் தீ தளர்ந்துவிடும்.

பலன் தரும் உப்புகளை கே-லூசாக் இரண்டு ரகமாகப் பிரித்தார். ஒன்று, குறைந்த சூட்டிலேயே உருகி, நூலின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலமாகப் படிந்துவிடும் உப்பு. உள்ளே இருப்பதற்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே அது தடுப்புச் சுவர் ஆகிவிடும். வெண்காரம் இந்த ரகம். இரண்டாவது, சூடானதும் எரியாத ஆவியாக மாறி, எரியும் ஆவியை நீர்த்துப்போகச் செய்யும் உப்பு. நவச்சாரம் இந்த ரகம்.

மூடு அல்லது நீர்த்துப்போகச் செய். சூத்திரம் இவ்வளவுதான். இப்படிப் பதப்படுத்திய துணி, தீயில் காட்டினால் கருகும். ஆனால் சுடர் அதன் மேல் ஓடாது. கருகிய இடத்தோடு நின்றுவிடும்.

ஒரு குறையும் இருந்தது. இவை எல்லாம் தண்ணீரில் கரையும் உப்புகள். ஒருமுறை துவைத்தால் பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடும். மேடைத் திரைக்குப் பரவாயில்லை, அதை யாரும் அடிக்கடி துவைக்கப்போவதில்லை. உடுத்தும் துணிக்கு?

புரோமினுக்குப் பெயர் வைத்த குழு

1826-ல் இன்னொரு சம்பவம். பாலார் என்ற 23 வயது இளைஞர், உப்பளத் தண்ணீரிலிருந்து செம்பழுப்பு நிறத் திரவம் ஒன்றைக் கண்டுபிடித்து அகாடமிக்கு எழுதினார். அது புதிய தனிமமா என்று பரிசோதிக்க அமைத்த குழுவில் கே-லூசாக்கும் இருந்தார். புதிய தனிமம்தான் என்று குழு உறுதி செய்தது. பாலார் வைத்த பெயரை மாற்றி, அதன் கெட்ட நாற்றத்தைக் குறிக்கும் வகையில் புரோமின் என்ற பெயர் நிலைத்தது.

தீத்தடுப்பில் இந்த புரோமினுக்கும் பிற்காலத்தில் ஒரு பெரிய பங்கு வரப்போகிறது என்று அந்தக் குழுவில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

கே-லூசாக் அதன் பிறகு நாணயச்சாலையில் தங்கம், வெள்ளி பரிசோதனைக்குத் தலைவரானார். வெள்ளியின் தரத்தைத் துல்லியமாக அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1831-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1850 மே 9-ம் தேதி பாரிஸில், 71 வயதில் காலமானார். உடல் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஈஃபில் கோபுரத்தில் பொறித்துள்ள 72 அறிஞர்களின் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

வழி தெரிந்தும் பறிபோன உயிர்

அவர் இறந்து 12 வருஷம் கழித்து நடந்த ஒரு விபத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமை ஆகாது.

எம்மா லிவ்ரி, பாரிஸ் ஓப்பராவின் நட்சத்திர நடனக்காரி. வயது 20. அந்தக் காலத்து மேடைகளில் எண்ணெய் விளக்குக்குப் பதில் கேஸ் விளக்கு வந்திருந்தது. ஆபத்து குறையவில்லை, கூடியிருந்தது. நடனப் பெண்களின் பாவாடைகளைத் தீத்தடுப்புக் கரைசலில் நனைத்தே உடுத்த வேண்டும் என்று அரசு உத்தரவே போட்டிருந்தது.

ஆனால் நனைத்த துணி விறைத்துப்போகும். பளபளப்பு போய் மங்கலாகத் தெரியும். காற்றில் மிதப்பது போல ஆட வேண்டிய பெண்ணுக்கு அட்டை மாதிரி பாவாடை. எம்மா அதை உடுத்த மறுத்துவிட்டார். 1862 நவம்பரில் ஒரு ஒத்திகையின்போது அவர் பாவாடை கேஸ் விளக்கில் உரசித் தீப்பிடித்தது. 8 மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்துபோனார்.

பாதுகாப்பு கையில் இருந்தது. ஆனால் அது பொருளின் குணத்தையே கெடுத்தது. அதனால் அவர் அதைப் பயன்படுத்தவில்லை. தீத்தடுப்புத் துறை இன்றுவரை போராடிக்கொண்டிருக்கும் பிரச்சினையே இதுதான்.

துணி போய் பிளாஸ்டிக் வந்தது

20-ம் நூற்றாண்டில் வீடு முழுக்க பிளாஸ்டிக் வந்தது. வயர் உறை, சுவிட்ச், டிவி பெட்டி, சோபா பஞ்சு, கார் பாகங்கள் என்று எங்கும் பிளாஸ்டிக். இதில் பெரும்பாலானவை பெட்ரோலியத்தில் இருந்து வந்தவை. தீப்பிடித்தால் எரிபொருள் மாதிரியே எரியும். சில ரகம் உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்து, கீழே இருப்பதையும் பற்றவைக்கும்.

அதனால் பிளாஸ்டிக்கிலும் தீத்தடுப்புப் பொருள் கலக்க ஆரம்பித்தார்கள். முக்கியமாக இரண்டு பாதைகள்.

ஒன்று புரோமின் சேர்மங்கள். கொஞ்சம் கலந்தாலே போதும், சுடருக்குள் நடக்கும் வேதிவினையையே அறுத்துவிடும். ஆனால் இவற்றில் சில, பொருளில் இருந்து மெல்லக் கசிந்து, தூசியிலும் மீனிலும் மனித உடம்பின் கொழுப்பிலும் சேர்வது தெரியவந்தது. 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் அப்படிப்பட்ட சில புரோமின் சேர்மங்கள் சேர்க்கப்பட்டன.

இன்னொன்று அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்ற வெள்ளைப் பொடிகள். சுமார் 200 டிகிரி சூட்டில் இவை உடைந்து நீராவியை விடும். கே-லூசாக்கின் இரண்டாவது ரகம் இதுதான். விஷம் இல்லை, விலையும் குறைவு. ஆனால் கேபிள் உறை தேறவேண்டும் என்றால் மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் இந்தப் பொடியையே கலக்க வேண்டியிருக்கும். பாதிக்கு மேல் பொடி என்றால் பிளாஸ்டிக் என்ன ஆகும்? விறைக்கும், வளைத்தால் சீக்கிரம் உடையும். எம்மாவின் பாவாடைக் கதையேதான்.

பக்கத்து ஊர் களிமண்

இங்கேதான் களிமண் வருகிறது. மான்ட்மோரில்லோனைட் என்பது அதன் பெயர். பிரான்சின் மான்ட்மோரில்லோன் ஊரில் கிடைத்ததால் 1847-ல் வைத்த பெயர். அந்த ஊர், கே-லூசாக் பிறந்த லிமோஜ் வட்டாரத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. பெயர் வைத்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார்.

நமக்கும் இது தெரிந்த மண்தான். போர்வெல் போடும்போதும் கட்டடத்துக்குப் பைலிங் போடும்போதும் பயன்படுத்தும் பென்டோனைட்டில் பெரும்பகுதி இந்தக் கனிமமே. குஜராத்தின் கட்ச் பகுதியில் வெட்டி எடுக்கிறார்கள்.

இதன் சிறப்பு அடுக்கு அமைப்பு. சீட்டுக்கட்டு மாதிரி தகடு தகடாக இருக்கும். ஒரு தகட்டின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. அகலமோ அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. எல்லாத் தகடுகளையும் பிரித்து விரித்துப் போட முடிந்தால், ஒரு கிராம் மண்ணில் இருந்து 700 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு கிடைக்கும்.

ஒரு சிக்கல் என்னவென்றால் களிமண்ணுக்குத் தண்ணீர் பிடிக்கும், பிளாஸ்டிக் பிடிக்காது. அதனால் தகடுகளுக்கு நடுவே நீளமான அம்மோனியம் வகை மூலக்கூறுகளைச் செருகுகிறார்கள். அடுக்கு விரியும், பிளாஸ்டிக் உள்ளே நுழையும், தகடுகள் பிரிந்து பரவும். 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் டொயோட்டா ஆய்வுக்கூடம் நைலானில் இப்படிக் களிமண்ணைக் கலந்து, கார் இன்ஜினின் பெல்ட் மூடி செய்தது. அப்போது நோக்கம் வலிமையும் வெப்பம் தாங்குவதும்தான்.

5 சதவீதம் மண், 63 சதவீதம் குறைவு

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய ஆய்வகமான நிஸ்டில், ஜெஃப்ரி கில்மன் குழுவினர் இந்த நைலானை எரித்துப் பார்த்தார்கள். வெறும் 5 சதவீதம் களிமண் கலந்த நைலானில், தீயின் உச்ச வெப்ப வெளியீட்டு வேகம் 63 சதவீதம் குறைந்திருந்தது. பொதுவாகத் தீத்தடுப்புப் பொடி கலந்தால் பிளாஸ்டிக் பலவீனமாகும். இங்கே வலிமையும் கூடியது.

எப்படி? மேல்பரப்பில் உள்ள பிளாஸ்டிக் எரிந்து போகப் போக, எரியாத களிமண் தகடுகள் அங்கேயே தங்கி ஒன்றன் மேல் ஒன்றாகப் படிகின்றன. கரியோடு சேர்ந்து ஒரு மேலோடு உருவாகிறது. வெளிச்சூடு உள்ளே போவது குறைகிறது. உள்ளே இருக்கும் ஆவி வெளியே வருவதும் தடைபடுகிறது. உருகிச் சொட்டுவதும் குறைகிறது.

வெண்காரம் உருகி நூலின் மேல் கண்ணாடிப் படலம் ஆனதே, கிட்டத்தட்ட அதே வேலை. ஒரு வித்தியாசம், இது தண்ணீரில் கரைந்து போகாது. பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே இருக்கும்.

அப்போ தீயே பிடிக்காதா?

பிடிக்கும். இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது முக்கியம்.

களிமண் கலந்த பிளாஸ்டிக்கும் கடைசியில் எரியும். வெளிவரும் மொத்த வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை. குறைவது வேகம்தான். சில ரகங்களில் வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே தீப்பிடிப்பதும் உண்டு. உள்ளே செருகிய அம்மோனியம் மூலக்கூறுகள் சூட்டில் முதலில் உடைவது அதற்கு ஒரு காரணம். சிறு சுடரைக் காட்டி, எவ்வளவு நொடியில் அணைகிறது என்று பார்க்கும் தரச் சோதனைகளில் களிமண் மட்டும் தனியாகப் பெரும்பாலும் தேறுவதில்லை.

அதனால்தான் நடைமுறையில் இதைக் கூட்டணியாகப் பயன்படுத்துகிறார்கள். கேபிள் உறையில் அலுமினியம் ஹைட்ராக்சைடோடு கொஞ்சம் நானோ களிமண்ணையும் சேர்த்தால், வெள்ளைப் பொடியின் அளவைக் குறைக்க முடிகிறது. பொடி நீராவி விடுகிறது, களிமண் மேலோடு கட்டுகிறது. கே-லூசாக் பிரித்த இரண்டு ரகமும் ஒரே உறைக்குள்.

வேகம் மட்டும் குறைந்து என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். வீட்டிலோ பஸ்ஸிலோ தீப்பிடித்தால் முதல் சில நிமிஷங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட, படியிறங்க முடியாத பெரியவர்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுவர அந்த நிமிஷங்கள் வேண்டும். தீத்தடுப்புப் பொருள் வாங்கித் தருவது அந்த நேரத்தைத்தான். அதை நம்பி உள்ளேயே நிற்கக் கூடாது.

அடுத்தமுறை ஆபீஸிலோ தியேட்டரிலோ சுவரில் மாட்டியிருக்கும் சிவப்புத் தீயணைப்பான் சிலிண்டரைப் பாருங்கள். ஏபிசி என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் பொடியில் முக்கியமானது அம்மோனியம் பாஸ்பேட். எரியும் கட்டையின் மேல் விழுந்ததும் அது உருகி, படலமாகப் படிந்து காற்றை மறிக்கும். 1821-ல் கே-லூசாக் துணியை முக்கிக் காயவைத்துத் தீயில் காட்டிய அதே உப்பு வகைதான் அது.